செண்பாவின் இடது கை

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்த நோட்டு செண்பாவின் முழங்காலுக்காக வாங்கியது. வீட்டில் யாராவது ஒருவர் தினமும் எழுத வேண்டும் என்று பிசியோ டாக்டரம்மா சொல்லிவிட்டார். எவ்வளவு ஓடினாள், எங்கே வலித்தது, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறிக்க வேண்டுமாம். வீட்டில் இருப்பதே நானும் செண்பாவும்தான். ஆச்சி எழுதட்டும், அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்று செண்பா சொன்னாள். உண்மைதான். அஞ்சாம் வகுப்பில் கையெழுத்துக்காக எனக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தார்கள். அதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்தை யாரும் நிறுத்த முடியவில்லை.

முதலில் விவரம். பெயர் செண்பகவள்ளி, வயது பதினாலு, ஒன்பதாம் வகுப்பு. எழுதுகிறவள் அவள் அம்மாவைப் பெற்ற ஆச்சி, பூமாடத்தி. மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. செண்பா நாலு வயதிலிருந்து கோவில்பட்டியில் என்னோடு இருக்கிறாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். போன மாதம் குறுவட்டப் போட்டியில் முதல் இடம். இரண்டாவதாக வந்த பிள்ளை கோட்டைத் தொடும்போது இவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டிச் சொல்லவில்லை, பி.டி. சாரைக் கேட்டுக்கொள்ளலாம்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மாவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர் மாநிலத்துக்குப் போவார்கள் என்று சார் சொன்னார். ஆனால் குறுவட்டத்துக்குப் பிறகு இவளுக்கு வலது முழங்காலில் வலி. இந்த வலியோடு பெயர் கொடுக்க மாட்டேன், பிள்ளையின் காலை உடைத்து எனக்கு மெடல் வேண்டாம் என்கிறார். அடுத்த மாதக் கடைசிக்குள் சரியாக வேண்டும். இல்லையென்றால் வேறு பிள்ளையை அனுப்பிவிடுவார். அவர்தான் இந்த டாக்டரம்மாவிடம் போகச் சொன்னது.

டாக்டரம்மாவின் கிளினிக் மாடியில் இருக்கிறது. படி பதினாறு. செண்பா வலிக்காலோடு தடுமாறிவிடக் கூடாதே என்று அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

டாக்டரம்மா பெயர் ஜெபக்கனி. முப்பது வயது இருக்கும். நான் டாக்டர் இல்லை, பிசியோ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு போட்டவரை நான் வேறு எப்படிக் கூப்பிடுவது? செண்பாவை ஒற்றைக் காலில் நிறுத்தினார், குந்தி எழச் சொன்னார், ஓடுகிற மெஷினில் ஏற்றி விட்டுப் பின்னால் நின்று செல்போனில் படம் எடுத்தார். பிறகு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். வலது கால் ஊன்றும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறது. பாதம் தன் இடத்தில் விழாமல் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் விழுகிறது. இடது கை வீசவே இல்லை. எதையோ தாங்கிப் பிடித்த மாதிரி நெஞ்சோடு ஒட்டி நிற்கிறது.

கை வீசாததற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஓடும்போது இடது கை வலது காலுக்கு ஜோடி, இரண்டு பேர் தூக்குகிற அண்டாவை ஒருத்தர் விட்டுவிட்டால் மற்றவர் இடுப்பு என்னாகும் என்று திருப்பிக் கேட்டார். இருபத்தாறு வருஷம் சத்துணவில் அண்டா தூக்கியவளிடம் கேட்கிறார். உடனே விளங்கிவிட்டது.

இடது கையில் எப்போதாவது அடிபட்டதா, அந்தத் தோளில் கனமான பை தூக்குவாளா என்றும் விசாரித்தார். செண்பா இல்லை என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று பிள்ளை நன்றாக இருந்தாள். பத்துக்கு எட்டு போடுகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஓடவில்லை. ஒருக்களித்துப் படுத்து, தொடையில் ரப்பர் பட்டை மாட்டி, காலைத் தூக்கித் தூக்கி இறக்குகிற பயிற்சி. இடுப்புச் சதைக்குத் தெம்பு போதவில்லையாம். அப்படியானால் நான் இத்தனை வருஷம் கிண்டிப் போட்ட உளுந்தங்களி எங்கே போயிற்று? முகம் சுளிக்காமல் செய்தாள். 9.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இடது முஷ்டியை இறுக்காமல் ஓடுவதற்கு டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார். சுட்ட அப்பளத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட வேண்டும். கை இறுகினால் நொறுங்கிவிடும். காலை ஐந்தரை மணிக்கு அப்பளம் சுடுகிற வீடு இந்த ஊரில் எங்கள் வீடு ஒன்றுதான். எதிர்வீட்டுப் பிச்சம்மாள் வாசலுக்கு வந்து, மாப்பிள்ளை வந்திருக்காகளா மதினி என்று கேட்டாள்.

மூன்று சுட்டேன். மூன்றும் நொறுங்கிற்று. நொறுங்கியதைச் செண்பா தின்றுவிட்டாள்.

மைதானத்துக்கு எப்போதும்போல் நடந்தே போனோம். அவள் என் வலப்பக்கம், என் கை அவள் தோளில். நாலு வயதில் ரோட்டில் குறுக்கே ஓடிவிடக் கூடாதென்று பிடித்த கை. அந்தப் பழக்கம் விடவில்லை. 8.

ஆகஸ்ட் 25, திங்கள்

டாக்டரம்மா நோட்டைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. எட்டு, ஒன்பது, எட்டு, எட்டு என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"என்ன பாட்டி இது? இவ்வளவு வலியோட இவள ஓடவா விட்டீங்க?"

வலி எங்கே, பிள்ளை நன்றாக இருந்ததால்தானே மார்க்கு போட்டேன் என்றேன். பிறகு செண்பா கட்டிலில் குப்புற விழுந்து சிரித்தாள். டாக்டரம்மாவும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எண் கூடக் கூட வலி கூட என்று அர்த்தமாம். பூஜ்யம்தான் முதல் மார்க்கு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினவனை வெயிலில் நிறுத்துவார்கள். இதை முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும் என்று சொன்னேன். தப்பு தன்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். அதனால் அதோடு விட்டுவிட்டேன்.

மெஷினில் ஓடுவது வேறு, மண்ணில் ஓடுவது வேறு என்றும் சொன்னார். மைதானத்தில் ஓடும்போது பின்னால் ஒரே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

இறங்கி வரும்போது செண்பா மெல்லச் சொன்னாள், நீ எட்டு போட்ட அன்றைக்கெல்லாம் நிஜத்தில் நாலு ஆச்சி என்று. நன்றாக இருக்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்படி மறைக்க எங்கேதான் கற்றுக்கொண்டாளோ.

வலி 4.

ஆகஸ்ட் 28, வியாழன்

திருப்பூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்து பேசினால்தான் முகம் தெளிவாகத் தெரியும். எழுந்து போய் அடுப்படியைக் காட்டு, புது மிக்ஸியைப் பார்க்க வேண்டும் என்றாள். செண்பா போனை வாங்கிக்கொண்டு போய் அவளே காட்டிவிட்டாள். சமர்த்து.

நாலு வருஷத்துக்கு முன்னால் சத்துணவுக் கூடத்தில் ஈரத்தரையில் சறுக்கி விழுந்தேன். வலது இடுப்பில் அடி. அப்போதே வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவர்கள் இருப்பது லைன் வீடு. வாசலில் கால் வைத்தால் அடுத்த வீட்டு வாளி. அங்கே இவள் எங்கே ஓடுவாள்? எனக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னது சொன்னதுதான்.

வலி 3. ஒரு அப்பளம் பாதி தூரம் தாக்குப்பிடித்தது.

செப்டம்பர் 3, புதன்

தெருவில் கோலமாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தேன். பாதங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் விழ வேண்டும், மிதிக்கக் கூடாது என்பது டாக்டரம்மா கொடுத்த வேலை. செண்பா ஓடி முடித்ததும் பார்த்தால் கோட்டை வலது பாதம் தேய்த்த இடம் பதினொன்று. போன வாரம் பாதிக் கோடே இல்லாமல் போயிற்று.

மைதானத்தில் படமும் எடுத்தேன். ஒரே இடத்தில் நின்றால் பத்து எட்டில் பிள்ளை எறும்பு மாதிரி ஆகிவிடுகிறாள். ஆகையால் மெதுவாக ஓடச் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே நடந்து எடுத்தேன். முகூர்த்த வீட்டில் எடுக்கிறவன்கூட இப்படி எடுக்க மாட்டான்.

வலி 3.

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டரம்மாவிடம் போனோம். படம் பார்த்தார். வலி 3. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வலி 3.

செப்டம்பர் 10, புதன்

நேற்று முன்தினம் நடந்ததை எழுதிவிடுகிறேன். நோட்டில் பொய் எழுதினால் டாக்டரம்மா எப்படிக் கண்டுபிடிப்பார் என்று செண்பா கேட்கிறாள். அவளிடம் நான்தான் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்தேன்.

படத்தை டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை செண்பாவைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெரிந்த மைதானத்து மதில் சுவரைப் பார்த்தார். சுவரின் மேல்விளிம்பு ஒரு எட்டு விட்டு ஒரு எட்டுக்கு ஒரு பக்கமாக இறங்கி ஏறிற்று. இறங்கி ஏறிற்று. தொட்டில் மாதிரி, அளந்து வைத்தாற்போல.

யார் எடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். நடந்துகொண்டே எடுத்தீர்களா என்றார். ஆமாம், நன்றாக வந்திருக்கிறதல்லவா என்றேன்.

"பாட்டி, அந்தக் கதவு வரைக்கும் சும்மா ஒரு நடை நடந்துட்டு வாங்களேன்."

உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய்விட்டது என்று சொன்னேன். சரி, வீட்டுக்குப் போகிற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து நடங்கள் என்றார். அது பரவாயில்லை என்று எழுந்தேன். செண்பா வந்து என் வலப்பக்கம் நின்றாள். கை தானாகத் தோளுக்குப் போயிற்று. கதவு வரை போய்த் திரும்பினோம். பின்னால் நின்று படம் எடுத்தார்.

பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் செண்பா மட்டும் ஓடுகிறாள். இன்னொன்றில் என்னோடு நடக்கிறாள். இடது தோள் அதே உயரத்தில் இருக்கிறது. இடது கை அதே இடத்தில் ஒட்டியிருக்கிறது. வலது கால் அதே மாதிரி உள்ளே வந்து முட்டுக் கொடுக்கிறது. நான் இல்லாத படத்திலும் அவள் என்னைத் தாங்கிக்கொண்டுதான் ஓடுகிறாள்.

"ஆச்சி ஒண்ணும் சாயல. நாந்தான் புடிச்சிக்கிட்டு நடக்கேன்" என்றாள் செண்பா. யாரும் அவளிடம் கேட்கவில்லை.

இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, இடுப்புத் தெம்பும் குறைவு, இதுவும் ஒன்று என்றார் டாக்டரம்மா. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பிறகு நோட்டை வாங்கி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் செண்பா என்று எழுதினார், வலப்பக்கம் பாட்டி என்று எழுதினார். உங்கள் வலியையும் தினமும் போட்டுவிடுங்கள் என்றார்.

நோட்டு செண்பாவுக்காக வாங்கியது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும்.

செண்பா 3.

செப்டம்பர் 12, வெள்ளி

இனிமேல் நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றேன். சுவர் ஓரமாகவே நடந்தேன். சுவர் முடிகிற இடத்தில் மின்கம்பம், அதற்கப்புறம் நிறுத்தியிருந்த ஆட்டோ, அதற்கப்புறம் பிடிக்க ஒன்றும் இல்லை. அங்கே நின்று தெருவை வேடிக்கை பார்த்தேன். செண்பா மூன்று தடவை திரும்பி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனாள். மைதானத்தில் ஓடியதைவிட இதில் ஓடியது கூட.

செண்பா 5. நொண்டுவதை பி.டி. சார் பார்த்துவிட்டார். முப்பதாம் தேதி பெயர் அனுப்ப வேண்டும், அதற்குள் எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்று என்னிடம்தான் கேட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நான் மைதானத்துக்கு வரவில்லை, வீட்டில் இருக்கிறேன், நீ போய் ஓடிவிட்டு வா என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் இவள் ஓடி நான் பார்க்காத நாள் இல்லை. இருந்தாலும் சொன்னேன். செண்பா ஷூவைக் கழற்றி மூலையில் போட்டாள்.

"நீ வராட்டி நான் ஓடல."

"கிறுக்கச்சி மாதிரி பேசாத. மாநிலத்துக்குப் போக வேண்டாமா?"

"நான் ஓடிக்கிட்டு இருப்பேன், நீ எங்க விழுந்து கெடக்கியோன்னு நெனப்பு பூரா இங்கதான் இருக்கும். அப்புறம் எங்க கைய வீச? ஒரு கம்பு வாங்குனா என்ன ஆச்சி?"

"கம்பு கெழவிகளுக்குட்டி."

"அப்ப நீ யாரு?"

கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அரிசி களைய வேண்டியிருந்தது.

கம்பு பிடித்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் திருப்பூருக்குத் தெரியும். இது செண்பாவுக்கும் தெரியும். இந்த நாலு வருஷமும் மிக்ஸியைக் காட்ட அவள்தானே ஓடினாள்.

செண்பா 4. ஓடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பரணிலிருந்து குடையை எடுத்தேன். அவள் தாத்தா குடை, வளைந்த பிடி, நீளம் சரியாக இருக்கிறது. வெயிலுக்கு ஒரு குடை கொண்டுபோவதில் என்ன இருக்கிறது? ஊன்றிக்கொண்டு மைதானம் வரை நடந்தேன். செண்பா பக்கத்தில் கையை வீசிக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வழியில் பிச்சம்மாள், "என்ன மதினி, வெயிலு இந்தப் போடு போடுது, குடைய மடக்கி வச்சிருக்கிய" என்றாள். கைவசம் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றேன்.

செண்பா 3.

செப்டம்பர் 22, திங்கள்

குடையைப் பார்த்ததும் டாக்டரம்மா வெளியே மழையா என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. குடையின் முனையைத் தடவிப் பார்த்தார். தேய்ந்த இரும்பு, வழவழப்பான தரையில் இது சறுக்கும் பாட்டி, ஏற்கெனவே ஒரு தரம் விழுந்தவர் அல்லவா என்றார். நான் விழுந்ததைச் செண்பா சொன்னாளோ, இந்த நோட்டில் படித்தாரோ தெரியவில்லை.

உள்ளே போய் ஒரு கம்பு கொண்டுவந்தார். அலுமினியம். அடியில் ரப்பர் குமிழ். உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். என் மணிக்கட்டு அளவுக்கு இறக்கிக் கொடுத்தார். வலது கையில் வாங்கினேன்.

"இடது கைல புடிங்க பாட்டி."

வலிப்பது வலப்பக்கம், முட்டும் அந்தப் பக்கம்தானே கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். சொல்லி முடித்த பிறகுதான், வலிக்கிறது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டது தெரிந்தது. டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"செண்பாவுக்குச் சொன்னதேதான். இடது கை வலது காலுக்கு ஜோடி. வலது கால் எடுத்து வைக்கும்போது இடது கைக் கம்பும் கூடவே போகட்டும்."

இரண்டு தடவை காலும் கம்பும் சண்டை போட்டன. மூன்றாம் தடவை சேர்ந்து போயின. அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, யார் தோளும் இல்லாமல் நடந்தேன். நாலு வருஷமாக அவளை நான் பிடித்ததே தப்பான பக்கம்.

இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், எலும்பு டாக்டருக்கு நான் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். ஒன்பதாம் தேதி கழியட்டும் என்றேன்.

படி இறங்கும்போது செண்பா நாலு படி முன்னால் போனாள். பின்பக்கமாகத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். முன்னால் பார்த்து நட என்று அதட்டினேன். பதினாறு படியும் அதட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

செண்பா 2.

செப்டம்பர் 23, செவ்வாய்

மகளை நானே கூப்பிட்டேன். செண்பாவை போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கச் சொன்னேன். எழுந்து, கம்பை ஊன்றி, அடுப்படி வரை போய்த் திரும்பி வந்தேன். பேசாமல் செய்தேன். பேசிக்கொண்டே செய்ய முடியாது என்று தெரியும்.

அந்தப் பக்கம் மகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"எனக்குத் தெரியும்மா. வீடியோல நீ எந்திரிச்சு நின்னு நான் பாத்து எத்தன வருஷமாச்சு? கேட்டா நீ போனே எடுக்க மாட்டேன்னுதான் கேக்கல."

திருப்பூருக்கு வர மாட்டேன் என்றேன். இப்போது யார் கூப்பிட்டது என்றாள். ஒன்பதாம் தேதி போட்டிக்கு லீவு கிடைக்காது, தீபாவளிக்கு வந்து உன்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன், அதுவரை விழாமல் இரு என்றாள். பிறகு அழுதாள். நான் அழவில்லை. மிக்ஸி நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன்.

செண்பா 2.

செப்டம்பர் 27, சனி

நாலு சுற்று ஓடி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அப்பளம் முழுசாக இருந்தது. வேர்வையில் நமுத்துப்போயிருந்தது, ஆனால் முழுசு. அதை நான் தின்றேன்.

செண்பா 1.

செப்டம்பர் 30, செவ்வாய்

கோலமாவுக் கோட்டில் மிதிபட்ட இடம் இரண்டே இரண்டு. பி.டி. சார் தெருவுக்கே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் பெயர் அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் புத்தகம், அருவாமனை, செண்பாவின் ஓட்டத்து ஷூ எல்லாம் வைத்துப் பொட்டு வைத்தேன். சுண்டலை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் கம்பும் அங்கே இருக்கிறது, பிடியில் சந்தனம் குங்குமத்தோடு. அதுவும் ஆயுதம்தான் ஆச்சி என்கிறாள்.

பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. அதுவரை உட்கார்ந்தே இருந்தேன்.

செண்பா 1.

அக்டோபர் 9, வியாழன்

தூத்துக்குடியிலிருந்து வேனில் திரும்பி வரும்போது எழுதுகிறேன். கையெழுத்து ஆடுவது ரோட்டின் குற்றம்.

மைதானத்தில் உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உட்காரவில்லை. கம்பி வேலி ஓரமாக நின்றுகொண்டேன். பதினோரு மணிக்கு ஓட்டம். பதினான்கு பிள்ளைகள். முதல் சுற்றில் செண்பா ஐந்தாவது. சார் சொன்னபடிதான், முதலிலேயே பாயக் கூடாது. இரண்டாம் சுற்றில் நாலாவது. இரண்டு கையும் வீசி ஓடினாள். நான் முட்டியைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன்.

மூன்றாம் சுற்று பாதியில் களைப்பு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. இடது கை மெல்ல மெல்ல மேலே ஏறி நெஞ்சோடு ஒட்டிற்று. தோள் இறுகிற்று. வலது கால் உள்ளே வர ஆரம்பித்தது. அங்கே அத்தனை பேர் முன்னால், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

கத்தினால் கேட்காது. என் முன்னால் வளைவு திரும்பும்போது, எப்போதும்போல் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒன்றையும் பிடிக்காமல், இரண்டு காலில் நின்றேன்.

பக்கத்தில் இருந்த ஒரு அப்பா, "யார அடிக்கப் போறிய பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே ஒரு எட்டு தள்ளி நின்றார்.

செண்பா பார்த்தாள். இடது கை கீழே இறங்கிற்று. ஒரு தடவை உதறினாள். பிறகு வீசினாள். அப்பளம் வைத்திருந்தால் உடைந்திருக்காது, அப்படி விரல் தளர்ந்து, கை முன்னும் பின்னும், முன்னும் பின்னும் போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார் யாரைத் தாண்டினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூட்டம் சத்தம் போட்டது. அந்தக் கை மட்டும் நிற்கவே இல்லை. அது நின்றபோதுதான் ஓட்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பி.டி. சார் ஓடிவந்து, "ரெண்டாவது, பாட்டி. மாநிலம்" என்றார். கம்பைக் கீழே இறக்குங்கள் என்றும் சொன்னார். அதுவரை தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

வேனுக்கு நடக்கும்போது செண்பா என் வலப்பக்கம் வந்து, பழக்கத்தில் தோளை இறக்கிக் கொடுத்தாள். நான் தோளில் கை வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாரம் ஒன்றும் இல்லை, சும்மாதான். நாலு வயதில் பிடித்துக்கொண்டு போன மாதிரி. கம்பும் காலும் சேர்ந்து போயின. அவள் நடையை வேகமாக்கவும் இல்லை, மெதுவாக்கவும் இல்லை.

இப்போது என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். மெடல் என் கழுத்தில் இருக்கிறது, அவள்தான் போட்டாள். வேனில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தூங்குவதற்கு முன்னால் வலி எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றாள். எழுதினேன். உனக்கு எத்தனை ஆச்சி என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யம் போடத்தான் முதலில் கை போயிற்று.

செண்பா 1.

பாட்டி 6.